கப்பல் இறங்கும் வரைக்கும்

பரிதாபி வருஷம், தை 4, வியாழன்

போன வருஷம் இரங்கூனிலிருந்து நீங்கள் வாங்கிவந்த கொப்பியை இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். வைகாசியில் புறப்படும்போது சொன்னீர்கள்: "இஞ்சரும், நான் இல்லாத நேரத்திலதான் என்ர புதுக்கப்பல் எழும்பப்போகுது. ஒவ்வொரு பலகை ஏறுறதையும் எழுதி வையும். நான் வந்து வாசிக்கவேணும்." நான் எழுதவில்லை. மார்கழியில் வந்துவிடுவீர்கள், வாயாலேயே சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன். மார்கழி போய்ப் பொங்கலும் முடிந்துவிட்டது. இனி எழுதுகிறேன்.

பின்படலையைத் திறந்தால் இப்போது கடல் தெரிவதில்லை. கப்பல்தான் தெரிகிறது. அடிமரம் வேம்பு. விலாக்கட்டைகள் எல்லாம் இலுப்பை. கப்பல் தச்சர் மூத்ததம்பி ஓடாவியாரும் அவருடைய ஆட்களும் விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை உளிச்சத்தம்தான். மாமா எழுந்து திருநீறு பூசியதும் கப்பலை ஒருமுறை சுற்றிவருகிறார். அதற்குப் பிறகுதான் கோயில்.

நேற்று பர்மாவின் அக்கியாப்பிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கார்த்திகையில் உங்களை அங்கே கண்டார்களாம். தங்களுக்கு முன்பே நீங்கள் பாய் விரித்துவிட்டதாகச் சொன்னார்கள். முன்னால் புறப்பட்டவர் பின்னால் வருவது புதுமையல்ல. காக்கிநாடாவில் பாய் பழுதுபார்க்க நின்றிருப்பீர்கள்.

தை 7

பின்னேரங்களில் கரைக்குப் போகிறேன். திரேசம்மாக்காவும் வருகிறா. அவவின் புருஷன் சவிரிமுத்து உங்கள் கப்பலில்தானே பாய் பிடிக்கிறார். மாதாகோயில் தெருவிலிருந்து நடந்துவந்து மணலில் காலை நீட்டிக்கொண்டு இருப்பா. நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. ஒரு பாய் தெரிந்தால் இரண்டு பேரும் எழும்புவோம். அது வேறு கப்பல் என்று தெரிந்ததும் உட்காருவோம்.

"உவன் வரட்டும் தங்கச்சி, நல்ல பேச்சு வாங்கப்போறான்" என்றா இன்று. அவ யாரையும் பேசி நான் கேட்டதில்லை.

தை 12

வாடைக்காற்று. மிளகாய் காயவில்லை. வேறொன்றும் இல்லை.

தை 20, சனி

பலகை என் கழுத்து உயரத்துக்கு ஏறிவிட்டது. ஓடாவிமாருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மூத்ததம்பி ஓடாவியார் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுச் சுக்கான் கைபிடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"பிள்ளை, தண்டையல் வந்து நிண்டுதான் இதுக்கு உயரம் சொல்லவேணும். கப்பலை ஓட்டுறவன் அவன். கைபிடி நெஞ்சுக்கு நேரை வந்தால்தான் நாள் முழுக்கப் பிடிக்கலாம். ஆளுக்கு என்ன உயரம் வரும்?"

என்ன உயரம் என்று எனக்குத் தெரியும். நான் நிமிர்ந்து நின்றால் உங்கள் தாடை என் உச்சியில் படும். நெற்றியைச் சாய்த்தால் கழுத்துக்குழி. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கிட்ட நின்ற தூணருகில் போய் நின்று, என் தோளுக்குச் சற்று மேலே கையை வைத்தேன். "நெஞ்சு இவ்வளவு வரும்" என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அரிசி புடைத்தேன். புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்ததாக மாமி சொல்லிச் சிரித்தா.

மாசி 9, வியாழன்

உங்கள் தம்பி வைத்தி பத்திரிகை வாசித்துக் காட்டினான். இங்கிலாந்தில் ராசாவின் சண்டைக்கப்பல் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள்.

"ஒரு துரைசானி வந்து, கயித்தில கட்டின வைன் போத்திலைக் கப்பலின்ர மூக்கில அடிச்சு உடைச்சாவாம்."

"சீ, நல்ல நாளில சாராயத்தை ஊத்திறதோ?" என்றா மாமி. "போத்தில் உடையாட்டி?"

"உடையாட்டிக் கூடாதாம் அம்மா. ஏறுறதுக்கு மாலுமியள் பயப்பிடுவாங்களாம்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். கனநாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கேட்டேன். நானும் அடுப்படியில் இருந்தபடியே, "ஆர் வைத்தி அந்தத் துரைசானி? கப்பித்தான்ர பெண்சாதியோ?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பிடித்தான் இருக்கும் அண்ணி."

அதோடு வைத்தி பத்திரிகையை மடித்துவிட்டான். நம் துறையிலும் அதுதானே வழக்கம். கப்பலின் முன்முகமான அணியத்துக்கு முதல் ஆலாத்தி எடுப்பது தண்டையலின் பெண்சாதி. மாமாவின் பழைய கப்பலுக்கு மாமி எடுத்தா. இரண்டு சுமங்கலிகள் தட்டைப் பிடிப்பார்கள். அதில் ஒருத்தி தண்டையலின் பெண்சாதி.

கொஞ்சம் கழித்து மாமி சொன்னா: "எங்கட கப்பலுக்குப் பறுவதமும் அவளின்ர புருஷன்ர தங்கச்சியும் எடுக்கட்டும். பறுவதத்துக்கு இதெல்லாம் பழக்கம்."

உங்கள் அக்காவுக்குப் பழக்கம்தான். எனக்குத் தட்டுப் பிடித்துப் பழக்கமில்லை. மாமி சொன்னது சரி.

மாசி 17

கோயிலுக்குப் போனேன். ஐயர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குங்குமம் தந்தார். வெயில் அவருடைய கண்ணில் அடித்திருக்கும்.

மாசி 24

தேங்காய் உரித்தேன். பாய்ச்சீலை தைக்கிறவர்களுக்குச் சோறு. எங்கள் அறையின் யன்னலடியில் நீங்கள் படுக்கும் பக்கத்தில் கறையான் ஏறியிருந்தது. தட்டித் துடைத்து, பாயைப் பழையபடி விரித்தேன்.

பங்குனி 3, ஞாயிறு

பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றுகிறார்கள். ஊர் முழுக்க அந்த மணம்தான். மாமா சாத்திரியாரைக் கேட்டு நாள் வைத்துவிட்டார்: பங்குனி இருபத்தேழு, வளர்பிறை, கடல்நீர் ஏறும் நேரம். அந்த நாளை விட்டால் சித்திரை. சித்திரையில் நம் குடும்பத்தில் கப்பல் இறக்குவதில்லை. பிறகு தென்மேற்குச் சோளகக் காற்றுக்கு ஓட்டம் தப்பிவிடும்.

முதல் ஓட்டத்துக்கு வைத்திதான் தண்டையலாம். அவன் என்னிடம் வந்து நின்றான். சின்னப்பிள்ளை பிழை செய்ததுபோல் முகம்.

"அண்ணா வந்த உடனை குடுத்திடுவன் அண்ணி. இது சும்மா, பாத்துக்கொள்ளத்தான்."

"பத்திரமாப் பாத்துக்கொள்" என்றேன். அவனுக்குச் சுக்கான் கைபிடி உயரமாக இருக்கும். அதைச் சொல்லவில்லை.

பங்குனி 19, செவ்வாய்

திரேசம்மாக்கா இன்று கரைக்கு வரவில்லை. தனியாக இருந்துவிட்டு வந்தேன்.

பங்குனி 20, புதன்

இன்றும் அவவைக் காணவில்லை. சுகமில்லையோ என்று முருங்கையிலை கொஞ்சம் ஒடித்துக்கொண்டு மாதாகோயில் தெருவுக்குப் போனேன். கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சாரம் காய்ந்தது. படலையைத் தட்டியதும் அவ ஓடிவந்து, திறக்காமல் படலைக்கு மேலாலேயே கீரையை வாங்கினா. என்றைக்கும் "உள்ளுக்கு வா தங்கச்சி" என்பவ.

"சுகமில்லையோ அக்கா?"

"ஓமோம்... கொஞ்சம் தலையிடி."

கண் அழுதிருந்தது. ஆனால் தலையில் பூ வைத்திருந்தா. உள்ளே யாரோ இருமினார்கள். திரேசம்மாக்கா என் கையைப் பிடித்தா, விட்டா, திரும்பி உள்ளே போய்விட்டா.

மன்னாரில் அவவுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் வந்திருப்பான்.

பங்குனி 21, வியாழன்

காலையில் மாதாகோயில் தெருவிலிருந்து ஒரு ஆள் வந்து மாமாவைக் கூட்டிப்போனான். மாமா திரும்பி வரும்போது வீட்டுக்குள் வரவில்லை. நேரே கப்பலடிக்குப் போய், அடிமரத்தில் முதுகைச் சாய்த்து மணலில் இருந்துவிட்டார். வேட்டி முழுக்கக் குங்கிலியம். ஓடாவியார் ஏதோ கேட்கப் போய், கேட்காமல் திரும்பியதைக் கண்டேன்.

மத்தியானம் மாமி அவருக்குக் கஞ்சி கொண்டுபோனா. நான் பின்படலையில் நின்றேன். மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கஞ்சிச் சட்டி மணலில் விழுந்ததைத்தான் பார்த்தேன். மாமி விழவில்லை. கப்பலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றா. பிறகு சட்டியை எடுத்து மணலைத் தட்டினா. என்னைக் கடந்து வீட்டுக்குள் போய், உரலில் அரிசியைப் போட்டு இடிக்கத் தொடங்கினா. மா இடிக்க இன்று ஒரு தேவையும் இல்லை. நான் உலக்கையை வாங்கப் போனேன். தரவில்லை.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, ஆலாத்தி நீ எடு."

"பறுவதம் மச்சாள் எண்டு சொன்னீங்கள் மாமி?"

"சொன்னனான்தான். இப்ப நீ எண்டு சொல்லுறன். தண்டையலின்ர பெண்சாதிதானே எடுக்கவேணும்."

சரி என்றேன். வைத்திக்கு இன்னும் கலியாணமாகவில்லை. அதனால் இருக்கும்.

பங்குனி 22

நித்திரை இல்லை. தயிர் உறையவில்லை.

பங்குனி 23, சனி

பறுவதம் மச்சாள் வந்து மாமியோடு சண்டை. நான் அறைக்குள் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அம்மா, தெய்வானையில எனக்கு என்ன கோவம்? அவளும் எங்கட பிள்ளைதான். ஆனால் தம்பியின்ர சேதி தெரியாமல் கிடக்கு. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

"கப்பலுக்கு ஏதும் நடந்தால் ஆரைச் சொல்லுவினம்?"

"என்னைச் சொல்லட்டும். நான்தான் அவளை எடுக்கச் சொன்னனான். நீ மற்றப் பக்கம் தட்டைப் பிடி. ஏலாதெண்டால் வேறை ஆளைப் பாக்கிறன்."

மச்சாள் அழுதுகொண்டு போய்விட்டா. ஆனால் வருவா. மாமி இப்படிக் கடுமையாகப் பேசி நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

பின்னேரம் மாமி எனக்கு எண்ணெய் தேய்த்து முழுக வார்த்தா. கலியாணத்துக்குப் பிறகு யாரும் எனக்குத் தலை முழுக வார்க்கவில்லை. பிறகு ஈரம் உலர்த்திச் சிக்கெடுத்தா. முடிச்சு ஒன்றும் இல்லாத இடத்திலும் சீப்பு நின்று நின்று போயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவவுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கூறைச்சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறா. பெட்டியில் கிடந்த மணம் போகவேண்டுமாம்.

பங்குனி 26, செவ்வாய்

கப்பலடியிலிருந்து தண்ணீர்வரை பனங்குற்றிகள் அடுக்கிவிட்டார்கள். இன்று முழுக்க அவற்றுக்குத் தேங்காயெண்ணெய் பூசினார்கள். நானும் மாமியும் மோதகத்துக்கு மாக்குழைத்தோம். வாடகை வண்டிகளில் பருத்தித்துறையிலிருந்தும் சனம் வந்து இறங்குகிறது. மாமா எல்லோரையும் வாங்கோ என்கிறார். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

நான் நாளைக்குத் தட்டைக் கவனமாகப் பிடிப்பேன். இது உங்கள் கப்பல்.

பங்குனி 27, புதன்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விடியமுன் மாமி எனக்குக் கூறைச்சேலை உடுத்திவிட்டா. தன்னுடைய அட்டியலைக் கழற்றி என் கழுத்தில் போட்டா. பொட்டை நான் வைக்கப்போனபோது, "பொறு, நான் வைக்கிறன்" என்று சொல்லிப் பெரிதாக வைத்தா. என்னைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்தா. "வடிவா இருக்கிறாய்" என்றா. அவ்வளவுதான்.

கரை முழுக்கத் தலைகள். வடங்களைப் பிடித்துக்கொண்டு இளந்தாரிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். நான் மணலில் நடந்து போனபோது சனம் விலகி வழிவிட்டது. ஒரு கிழவி முக்காட்டை இழுத்து வாயை மூடினதைக் கண்டேன். மச்சாள் தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தா. கீழிருந்து பார்க்க அணியம் எவ்வளவு உயரம்! மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். திரிகளைக் கொளுத்தினார்கள். மூன்றுமுறை சுற்றினோம். நான் மஞ்சள்நீரை அள்ளிப் பலகையில் தெளித்து உள்ளங்கையை அதில் வைத்தேன். மரம் வெயிலில் சூடேறி, ஒரு ஆளின் உடம்புபோல இருந்தது. கொஞ்சநேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். யாரும் கையை எடு என்று சொல்லவில்லை.

மாமா தேங்காய் உடைத்தார். முட்டுக்கட்டைகளைத் தட்டினார்கள். ஏலேலோ என்று எல்லோரும் இழுத்தார்கள். கப்பல் அசைந்தது, கொஞ்சம் போனது, நின்றுவிட்டது.

திரும்பவும் இழுத்தார்கள். அசையவில்லை. இன்னொருமுறை. வடம் முறுகிச் சத்தமிட்டது; கப்பல் அப்படியே நின்றது.

பிறகு பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "இதுக்குத்தான் ஆளைப் பாத்து விடவேணும் எண்டுறது" என்றது. சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. நான் வெறுந்தட்டோடு நின்றேன். மாமாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவருக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது என்று கண்டேன்.

மாமி சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றா. என் தோளில் கையைப் போட்டா. "மூத்ததம்பியர்! கப்பலுக்கு அடியில குனிஞ்சு பாரும்! சும்மா மனிசரைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ!" என்று கத்தினா.

ஓடாவியார் அடியில் புகுந்தார். ஒரு பனங்குற்றி ஈரமணலில் புதைந்துபோயிருந்தது. இரும்பு அலவாங்கால் கிளப்பிப் பலகை கொடுத்தார்கள். அவர் வெளியே வந்து கையை உயர்த்தினார். "இழுங்கோடா!" என்று முதல் கத்தியது மாமிதான்.

கப்பல் ஓடியது. நான் நினைத்ததிலும் வேகமாக ஓடியது. குற்றிகள் புகைந்தன. அணியம் தண்ணீரை வெட்டி இறங்கி, ஒருமுறை தலை சாய்த்து, நிமிர்ந்து மிதந்தது. சனம் கூவியது. வைத்தி நீந்திப்போய் மேலே ஏறிக் கையை ஆட்டினான். மாமா மணலில் முழந்தாளிட்டு இருந்தார். எல்லோரும் அவர் கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள்.

சனம் சாப்பிட்டுக் கலைய மத்தியானம் திரும்பிவிட்டது. கடைசி வண்டியும் போனபிறகு மாமி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டா. அங்கே சவிரிமுத்து இருந்தார். எலும்பும் தோலுமாக. திரேசம்மாக்கா சுவரோரம் நின்றா.

சவிரிமுத்து எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. இருந்தபடியே சொன்னார்.

"கார்த்திகைக் கடைசியில புயல் பிடிச்சது தங்கச்சி. தண்ணி உள்ளுக்குப் போய் அரிசி ஊதி, பலகையைப் பிளந்துபோட்டுது. பாய்மரம் ஒண்டில அஞ்சாறு பேர் தொங்கிக்கொண்டு கிடந்தம். தண்டையலும் எங்களோடைதான். முதல்நாள் முழுக்கக் கதை குடுத்துக்கொண்டே இருந்தவர், நாங்கள் நித்திரையாகிக் கையை விட்டிடுவம் எண்டு. புதுக்கப்பலைப் பற்றித்தான் கதை. இப்ப எந்தப் பலகை ஏறியிருக்கும், அணியம் எவ்வளவு எழும்பியிருக்கும் எண்டு. ராவிலையும் குரல் கேட்டது. விடியப் பாத்தன். அவரைக் காணேல்லை."

பிறகு ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கடைசியாக மிஞ்சிய இவரை எடுத்துச் சென்னைப் பட்டினத்தில் இறக்கியதாம். ஆசுப்பத்திரியில் மாதக்கணக்காகக் காய்ச்சலில் கிடந்து, சுகமானதும் வந்து சேர்ந்திருக்கிறார். கப்பல் இறங்கும்வரை வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டாராம்.

அவர்கள் போனார்கள். நானும் மாமியும் இருந்தோம்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றா மாமி. "சேதியை வெளியில விட்டால் சாவுத் துடக்கு, கப்பல் இறங்காது எண்டு அவர் அந்தரப்பட்டார். அது அவரின்ர நியாயம். எனக்குக் கப்பல் முக்கியமில்லை. நாளையில இருந்து உன்னை ஒருத்தரும் ஒரு நல்லதுக்கும் முன்னுக்கு விடாயினம். அவன்ர கப்பலுக்கு முன்னால நீ ஒருக்கா நிக்கவேணும் எண்டு நினைச்சன். சேதி தெரியாத நேரம் உன்னைத் தள்ளிவச்சவள் நான். தெரிஞ்ச பிறகு தள்ள மனம் வரேல்லை."

"எனக்குத் தெரியும் மாமி."

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "தெரிஞ்சுகொண்டோ நிண்டனீ?"

"ஓம். அவரின்ர கப்பல்தானே."

அவவின் முகத்தை அப்போதுதான் கிட்டப் பார்த்தேன். வியாழக்கிழமையிலிருந்து இந்த மனுஷி தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மா இடித்தா, விருந்துக்குச் சோறு போட்டா, எனக்குத் தலை வாரினா, கரையில் நின்று கத்தினா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நானாவது இரவில் தலையணையில் முகத்தைப் புதைத்தேன். மாமாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அவவுக்கு அதுவும் இல்லை. பக்கத்து அறையில் நான் விழித்திருப்பேனென்று பயந்திருப்பா.

நான் அவவின் தலையை என் மடியில் சாய்த்தேன்.

"மாமி, கப்பல் இறங்கிட்டுது" என்றேன். "இனி அழுங்கோ."

பிரமாதீச வருஷம், வைகாசி 18

கீரிமலையில் உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு இன்றுதான் எழுதுகிறேன்.

சோளகம் எழும்பிவிட்டது. வைத்தி இன்று காலை அக்கியாப்புக்குப் பாய் விரித்தான். பயணத்துக்கு எதிரே நான் நிற்கக்கூடாதென்று அறைக்குள் இருந்தேன். மாமி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. வெள்ளைச் சேலையோடு சனத்துக்கு நடுவில் நின்றேன். திரேசம்மாக்கா வந்து என் மற்றப் பக்கம் நின்றா.

கப்பல் நன்றாக ஓடுகிறது. பாய் பிடித்ததும் சற்றுச் சாய்ந்து போயிற்று. நீங்கள் பார்த்தால் பெருமைப்படுவீர்கள். எல்லோரும் அது மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். பிறகு அதற்கு அப்பால், நீங்கள் வரவேண்டிய பக்கத்தைப் பார்த்தேன். வெறுங்கடல். சவிரிமுத்து சொன்னதை நான் நம்பாமல் இல்லை. இருந்தும் சனம் போனபிறகும் அங்கேயே நின்றேன்.